செத்தவரை நினைத்துச் சிரிக்கலாமா? தாராளமாக

கேள்வி கேட்ட நண்பரின் சிக்கல் இதுதான். அவருடைய குடியிருப்பில் சினிமாப் பைத்தியங்களும் கிரிக்கெட் பைத்தியங்களும் சேர்ந்து, இந்த நாலைந்து வருடத்தில் மறைந்த கலைஞர்களையும் வீரர்களையும் நினைத்துப் பேச ஒரு மாலைக் கூட்டம் வைக்கிறார்கள். அழுது வடியாமல் சிரிக்கச் சிரிக்கப் பேச வேண்டும் என்று இவருக்கு ஆசை. செத்தவர்களை வைத்து என்ன சிரிப்பு என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ரோபோ சங்கரின் இறுதி ஊர்வலத்தில் அவர் மனைவி ஆடியதற்கு ஆளாளுக்குத் திட்டினார்களே, நமக்கும் அதே கதி வருமா என்று பயம். யாரைப் பற்றி, எதைப் பேசலாம் என்று கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த ஊர்வலத்தைப் பேசிவிடலாம். 2025 செப்டம்பர் 18 அன்று ரோபோ சங்கர் இறந்தபோது வயது 46தான். மதுரைக்காரர். உடம்பெல்லாம் வெள்ளிப் பூச்சு பூசிக்கொண்டு மேடையில் இயந்திர மனிதனாக ஆடித்தான் அந்தப் பெயரே வந்தது, டிவியும் சினிமாவும் அதற்கப்புறம்தான். கணவனும் மனைவியும் சேர்ந்து மேடையில் ஆடியவர்கள், ஆட்டம்தான் அந்த வீட்டின் சோறு. அப்படிப்பட்டவர் தெரிந்த ஒரே வழியில் புருஷனை வழியனுப்பினார், அவ்வளவுதான். நம் ஊரில் பறை அடித்து, ஆட்டம் போட்டு, சரவெடி வெடித்துக் கொண்டுபோகாத சாவு எத்தனை? மாமன் மச்சான் விசிலடித்து ஆடினால் வழக்கம், பெண்டாட்டி ஆடினால் அசிங்கம் என்ற கணக்கு எனக்குப் புரியவே இல்லை. ஒப்பாரி பாடுகிற கிழவிகளைக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா? அழுகையோடு அழுகையாக, செத்தவன் வாங்கித் தராத கண்டாங்கிச் சேலையையும் சம்பந்தி வீட்டுக் கஞ்சத்தனத்தையும் சேர்த்தே இழுத்துவிடுவார்கள். துக்க வீட்டில் சிரிப்பு நமக்குப் புதிதில்லை. போட்டோவுக்குப் பக்கத்தில் விளக்குப் படம் போட்டு 'ஆழ்ந்த இரங்கல்' என்று ஒட்டுகிற பழக்கம்தான் புதிது.

ஆனால் எதை வேண்டுமானாலும் சொல்லிச் சிரித்துவிடலாமா என்றால், இல்லை. நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே ஒன்று. அந்தக் கதையை அந்த மனிதரே உயிரோடு இருந்தபோது நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாரா, அல்லது காதில் விழுந்திருந்தால் கூடச் சேர்ந்து சிரித்திருப்பாரா? ஆம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள். இந்த அளவுகோலில் நூற்றுக்கு நூறு வாங்குகிற ஆள், ரோபோ சங்கர் இறந்த நாலே நாளில் இங்கிலாந்தில் போய்ச் சேர்ந்த அம்பயர் டிக்கி பேர்ட். 2025 செப்டம்பர் 22, வயது 92. நம் கணக்கில் கல்யாணச் சாவு.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன், ஊர் யார்க்‌ஷையரில் பார்ன்ஸ்லி. முதலில் பேட்ஸ்மேனாகத்தான் ஆரம்பித்தார். 1959இல் யார்க்‌ஷையருக்காக கிளாமர்கனுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 181 ரன் அடித்தார். அடுத்த மேட்சில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள்! இதைச் சொல்லிச் சொல்லியே ஆயுள் முழுக்கச் சிரித்தார். அம்பயரான பிறகு 66 டெஸ்ட், 69 ஒருநாள் ஆட்டம், முதல் மூன்று உலகக் கோப்பைகளின் இறுதி ஆட்டங்கள். 1983 லார்ட்ஸில் அமர்நாத் பந்தில் ஹோல்டிங்குக்கு எல்பிடபிள்யூ என்று விரலைத் தூக்கி, இந்தியாவுக்குக் கோப்பையை உறுதி செய்தது இவர்தான். அந்த விரலுக்கு நாம் கோயில் கட்டியிருக்க வேண்டும். பார்ன்ஸ்லிக்காரர்கள் கிட்டத்தட்டக் கட்டியேவிட்டார்கள். விரலைத் தூக்கியபடி நிற்கும் அவருடைய வெண்கலச் சிலையை ஊருக்குள் வைத்தார்கள். வெள்ளி, சனி ராத்திரிகளில் குடித்துவிட்டுப் போகிறவர்கள் அந்த விரலில் உள்ளாடைகளை மாட்டிவிட்டுப் போவது வாடிக்கையாகிவிட்டது. கடைசியில் கைக்கு எட்டாதபடி பீடத்தையே உயர்த்த வேண்டியிருந்தது. அவருக்கு இதில் துளிகூடக் கோபமில்லை.

எந்த இடத்துக்கும் தாமதமாகப் போய்விடுவோமோ என்ற பயம் அவருக்கு ஒரு வியாதி மாதிரி. அம்பயராக இறங்கிய புதிதில், ஓவல் மைதானத்தில் பதினொரு மணி ஆட்டத்துக்கு விடியக் காலையிலேயே போய் நின்றார். கேட் பூட்டியிருந்தது. சுவரேறிக் குதிக்கப் பார்த்தவரை போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார். நான்தான் இன்றைக்கு அம்பயர் என்றால் எந்தப் போலீஸ்காரர் நம்புவார்? ராணி மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தபோதும் அதே கதை. காலையிலேயே அரண்மனை வாசலில் ஆஜர். காவலுக்கு நின்றவர்கள், பக்கத்தில் எங்கேயாவது காபி குடித்துவிட்டு அப்புறமாக வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள்.

1975 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்த களேபரத்தில் அவருடைய வெள்ளைத் தொப்பி காணாமல் போனது. பின்னொரு நாள் லண்டன் பஸ்ஸில் ஏறுகிறார், கண்டக்டர் தலையில் அதே மாதிரித் தொப்பி. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். 'டிக்கி பேர்டைத் தெரியாதா உங்களுக்கு? உலகக் கோப்பையில் அவர் தலையிலிருந்தே உருவினேன்' என்று பெருமையாகச் சொன்னாராம் கண்டக்டர். இதில் எவ்வளவு மசாலா என்பது அவருக்கே வெளிச்சம், ஆனால் கேட்கிற ஒவ்வொரு தடவையும் அவரே முதலில் சிரிப்பார்.

வெளிச்சம் போதவில்லை என்று ஆட்டத்தை நிறுத்துவதில் அவருக்குப் பெரிய பெயர், அதாவது கெட்ட பெயர். 1988இல் லீட்ஸில் வெயில் பளீரென்று அடிக்கிறது, அடைத்துக்கொண்ட வடிகாலிலிருந்து தண்ணீர் பொங்கி பவுலர் ஓடிவரும் பாதை சொதசொதவென்று ஆகிவிட்டது, ஆட்டம் நின்றது. பார்வையாளர்கள் இவரைத்தான் திட்டினார்கள். அப்புறம் 1995இல் மான்செஸ்டரில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வெயில் பட்டு பேட்ஸ்மேன் கண்ணில் அடிக்கிறது என்று நிறுத்தினார். வெளிச்சம் குறைச்சல் என்று ஆட்டத்தை நிறுத்திப் பேர் வாங்கியவர், வெளிச்சம் ஜாஸ்தி என்றும் நிறுத்திக் காட்டிவிட்டார்.

இங்கிலாந்து பேட்ஸ்மேன் ஆலன் லாம்ப் ஒரு தடவை பேட்டிங்குக்கு வரும்போது பாக்கெட்டில் மொபைல் போனோடு வந்து, கொஞ்சம் வைத்திருங்கள் என்று இவர் கையில் கொடுத்துவிட்டார். போன் வைத்திருப்பதே அதிசயமாக இருந்த காலம். நடு ஆட்டத்தில் மணி அடிக்கிறது, எடுத்தால் பெவிலியனில் இருந்து அவர் அணித் தோழர் இயன் போத்தம்! அதுவும் ஏற்கெனவே பேசிவைத்துக்கொண்டு செய்தது.

அவருடைய கடைசி டெஸ்ட் 1996 ஜூனில் லார்ட்ஸில், இந்தியாவோடு. கங்குலிக்கும் திராவிடுக்கும் அதுதான் முதல் டெஸ்ட், ஒருவர் 131, இன்னொருவர் 95. முதல் நாள் காலையில் இரண்டு அணியும் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கைதட்ட, மைதானமே எழுந்து நிற்க, கண்ணைத் துடைத்துக்கொண்டே நடுவில் போய் நின்றார். அந்தக் கண்ணோடு என்ன பார்க்கப் போகிறார் என்று இங்கிலாந்து கேப்டன் ஆதர்டன் நினைத்திருக்கலாம். முதல் ஓவரிலேயே ஸ்ரீநாத் பந்து காலில் பட்டது, விரல் மேலே போய்விட்டது. சைபர். அழுகை வேறு, எல்பிடபிள்யூ வேறு.

பேர்டைப் பற்றி இப்படிப் பேசிக்கொண்டே போகலாம், ஆனால் உங்கள் கூட்டத்தில் கிரிக்கெட் பார்க்காதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு ஜார்ஜ் ஃபோர்மனைச் சொல்லுங்கள். குத்துச்சண்டை வீரர், 2025 மார்ச் 21 அன்று இறந்தார். 1974இல் காங்கோவின் கின்ஷாசாவில் முகமது அலியிடம் எட்டாவது சுற்றில் விழுந்தாரே, அவர்தான். அதற்கு முன்னால் உலகத்திலேயே சிரிக்கத் தெரியாத மனிதர் என்று அவரைச் சொல்வார்கள். 1977இல் சண்டையை விட்டுவிட்டுப் பிரசங்கியானார். பத்து வருடம் கழித்து, உடம்பு பெருத்து, தலையை மழித்துக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். பத்திரிகைக்காரர்கள் தொப்பையைக் கிண்டலடிக்கும் முன்னால் தானே சீஸ்பர்கரைப் பற்றி ஜோக் அடித்துவிடுவார். 1994 நவம்பரில், 45 வயதில், அலியிடம் தோற்றபோது போட்டிருந்த அதே பழைய கால்சட்டையோடு மேடையேறினார். அவர் மூலையில் நின்ற பயிற்சியாளர் யார் தெரியுமா? ஏஞ்சலோ டண்டீ. இருபது வருடத்துக்கு முன் அலியின் மூலையில் நின்ற அதே ஆள்! ஒன்பது சுற்றும் அடி வாங்கிக்கொண்டே இருந்துவிட்டு, பத்தாவது சுற்றில் மைக்கேல் மூரரைப் படுக்க வைத்து உலக சாம்பியன் ஆனார்.

இதைவிட எனக்குப் பிடித்தது வீட்டு விஷயம். ஐந்து மகன்கள், ஐந்து பேருக்கும் ஜார்ஜ் என்றே பெயர். மகள்களில் ஒருத்தி ஜார்ஜெட்டா. ஏன் இப்படி என்று கேட்டால், அலி, ஃப்ரேஸியர், நார்ட்டன், ஹோலிஃபீல்ட் இவர்களிடமெல்லாம் மண்டையில் வாங்கியவனுக்கு எத்தனை பெயர்தான் ஞாபகம் இருக்கும் என்பார். தாத்தா பெயரை ஆறு பேரப்பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, பெரியவன், சின்னவன், கட்டையன், மெட்ராஸ்காரன் என்று கூப்பிட்டுச் சமாளிக்கிற குடும்பங்கள் நம் பக்கம் எத்தனை இருக்கின்றன. ஃபோர்மன் வீட்டிலும் அதே வழிதான், ஒருவன் மங்க், ஒருவன் பிக் வீல், ஒருவன் ரெட், கடைக்குட்டி லிட்டில் ஜோயி. கடைசியில் குத்துச்சண்டையில் சம்பாதித்ததைவிட அதிகமாக, தன் பெயர் போட்ட கறி வாட்டும் மின் அடுப்பை விற்றுச் சம்பாதித்தார். பத்துக் கோடி அடுப்புக்கு மேல் விற்றது. 'அந்த அடுப்புத் தாத்தா சண்டை போடுவாரா?' என்று கேட்ட ஒரு தலைமுறையே அமெரிக்காவில் உண்டு.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

மாரிமுத்து. 2023 செப்டம்பர் 8 அன்று டப்பிங் பேசிக்கொண்டிருந்தவர் நெஞ்சு வலி என்று எழுந்துபோனார், அத்தோடு முடிந்தது. 'எதிர்நீச்சல்' சீரியலில் ஆதி குணசேகரனாக வந்து 'ஏய், இந்தாம்மா' என்று வீட்டுப் பெண்களை அதட்டுவார். ராத்திரி ஒன்பதரை மணிக்கு எங்கள் தெருவில் அவரைச் சபிக்காத வீடு கிடையாது. அந்த ஆள் நாசமாகப் போவான் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்த பெண்களே அன்றைக்கு டிவியைப் பார்த்து மூக்கைச் சிந்தினார்கள். ஒரு வில்லனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? தேனிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கிளம்பி வந்து, வைரமுத்துவிடம் உதவியாளராக இருந்து, உதவி இயக்குநராக அலைந்து, 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' என்று இரண்டு படம் இயக்கியும் கிடைக்காத புகழ், ஒரு அதட்டலில் கிடைத்தது. அந்த மீம்களை அவரே பேட்டிகளில் ரசித்துப் பேசினார். அதனால் உங்கள் கூட்டத்தில் யாராவது அந்தக் குரலில் ஒருதரம் கூப்பிட்டுக் காட்டட்டும், தப்பே இல்லை.

விஜயகாந்த் விஷயம்தான் சிக்கல். அவரைப் பற்றிய வேடிக்கை இரண்டு வகை. ஒன்று திரையில் அவர் செய்தது. சுவரில் ஒரு காலை ஊன்றி இன்னொரு காலால் உதைப்பது, 'ரமணா'வில் புள்ளிவிவரமாக அடுக்குவது, 'நரசிம்மா'வில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் இவருக்கு ஒன்றும் ஆகாமல் கரண்டுக்கே ஷாக் அடிப்பது. இதையெல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிச் சிரிக்கலாம், அந்தப் படங்களைத் தியேட்டரில் பார்த்துக் கத்தியவர்களுக்குத்தான் அதன் சுகம் தெரியும். இரண்டாவது வகை, உடம்பு முடியாமல் நாக்குக் குழறி, நடை தள்ளாடியபோது அதை வெட்டி ஒட்டி மீம் போட்டது. அப்படிப் போட்ட அதே கைகள் 2023 டிசம்பர் 28க்கு அப்புறம் மன்னித்துவிடு கேப்டன் என்று எழுதின. எனக்கு அந்த மன்னிப்பின் மேல் பெரிய மரியாதை இல்லை, ஆனாலும் கேட்காதவர்களுக்கு இது தேவலை. அந்த இரண்டாவது வகை உங்கள் கூட்டத்தில் வேண்டவே வேண்டாம்.

அவரைப் பற்றிப் பேச வேறு விஷயமா இல்லை? நடிகர் சங்கத்தின் கடனை அடைக்க 2002இல் மொத்த நடிகர் கூட்டத்தையும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஓட்டிக்கொண்டு போனார். ரஜினி, கமல் முதல் அப்போதுதான் முளைத்தவர்கள் வரை ஒரே விமானக் கூட்டமாக ஏற்றி, இறக்கி, சாப்பிட்டார்களா என்று பார்த்து, யாரும் யாரோடும் முறைத்துக்கொள்ளாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என்றால் சும்மாவா? கல்யாண மண்டபத்தில் இரண்டு சம்பந்திகளைச் சமாளிப்பதற்கே நமக்கு நாக்குத் தள்ளுகிறது. சாப்பாட்டு விஷயம் எல்லோருக்கும் தெரியும், ஹீரோவுக்கு என்ன இலையில் விழுகிறதோ அதுதான் லைட்மேனுக்கும். தி.நகர் ராஜாபாதர் தெருவில் அவருடைய ஆபீஸில் சாப்பிட்டுத்தான் சினிமாவில் வாய்ப்புத் தேடினேன் என்று சொல்கிறவர்களை வரிசையில் நிறுத்தினால் தெரு போதாது.

டெல்லி கணேஷ் 2024 நவம்பரில் 80 வயதில் போனார். வல்லநாட்டுப் பிள்ளை, விமானப்படையில் பத்து வருடம், டெல்லியில் நாடகம், அதனால் பெயருக்கு முன்னால் டெல்லி, பாலசந்தர் வைத்தது. 1977இல் 'பட்டினப் பிரவேசம்' தொடங்கி நானூறு படத்துக்கு மேல். இவரைப் பற்றிப் பேசினால் 'மைக்கேல் மதன காமராஜன்' பேசாமல் முடியாது. சமையல்காரர் பாலக்காடு மணி ஐயர், கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்துவிடுகிறது. அந்தக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள். மற்றவர்கள் எல்லோரும் சிரிக்க வைக்க ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள். இவர் ஒன்றுமே செய்யமாட்டார். ஆச்சாரமான ஒரு மனிதரின் தொழிலும் மானமும் அந்த அண்டாவுக்குள் மூழ்கிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் நம்புவார், அந்தத் தவிப்பில்தான் நமக்கு வயிறு வலிக்கும். கிரேசி மோகன் எழுதிய வசனத்தில் பாதிச் சிரிப்பு இவர் வாயை மூடிக்கொண்டிருக்கிற இடத்தில் வருகிறது. ஒரு வருடம் முன்னால் இதே ஆள் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் நாலு வில்லன்களில் ஒருவர், அங்கே பார்த்தால் பயமாக இருக்கும். காமெடி நடிகர் என்று இவரை அடக்கிவிடுகிற பட்டியல்கள் எனக்கு எரிச்சல் தருவது இதனால்தான்.

விவேக்கும் மயில்சாமியும் போய்ச் சேர்ந்தது இரண்டு வருட இடைவெளியில். விவேக் 2021 ஏப்ரல் 17, வயது 59. தலைமைச் செயலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பாலசந்தரிடம் வந்து சேர்ந்தவர். அவரை ஊருக்குத் தெரியவைத்த வசனமே 1989இல் 'புதுப்புது அர்த்தங்கள்' படத்தில் வந்த 'இன்னிக்குச் செத்தா நாளைக்குப் பால்'. சாவைப் பற்றி ஜோக் அடித்து உள்ளே நுழைந்த ஆளுக்கு, செத்த பிறகு சிரிக்காமல் இருந்தால்தான் அவமரியாதை. கலாம் சொன்னதற்காக ஒரு கோடி மரம் நடுகிறேன் என்று கிளம்பி 33 லட்சம் வரை நட்டார். மீதியை ரசிகர்கள் நடப்போகிறோம் என்று அந்த வாரம் முழுக்கக் குழி தோண்டினார்கள். தோண்டியதற்கெல்லாம் தண்ணீர் ஊற்றினார்களா என்பது தனிக் கதை, அவர் இருந்திருந்தால் அதை வைத்தே ஒரு டிராக் எழுதியிருப்பார்.

மயில்சாமி சத்தியமங்கலத்துக்காரர், எம்.ஜி.ஆர். பக்தர், அதைவிடப் பெரிய சிவ பக்தர். மிமிக்ரி கேசட் ஓடாத டீக்கடை தொண்ணூறுகளில் கிடையாது. 'தூள்' படத்தில் திருப்பதியில் லட்டுக்குப் பதில் ஜிலேபி என்று இவர் சொல்ல, விவேக் அதைப் பெரிய சேதியாகக் கேட்க, அந்த இரண்டு நிமிடத்துக்கு இன்றைக்கும் உயிர் இருக்கிறது. குடிகாரனாக நடிப்பதில் பெரும்பாலோர் தள்ளாடிக் காட்டுவார்கள். இவர் தள்ளாடாமல் நிற்க முயற்சி பண்ணுவார், அதுதான் அசல் குடிகாரன் செய்வது. எம்.ஜி.ஆர். மாதிரி கொடுக்க வேண்டும் என்று கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவார், இல்லாவிட்டால் கடன் வாங்கிக் கொடுப்பார் என்று கூட இருந்தவர்கள் சொல்வார்கள். 2021 தேர்தலில் விருகம்பாக்கத்தில் சுயேச்சையாக நின்றார். தோற்றார். அவர் காமெடிக்குச் சிரித்த ஆட்கள் எல்லாம் ஓட்டுப் போட்டிருந்தால் முதலமைச்சரே ஆகியிருக்கலாம். 2023 மகா சிவராத்திரி இரவு கேளம்பாக்கம் கோயிலில் டிரம்ஸ் சிவமணியோடு விழித்திருந்துவிட்டு, விடிகாலையில் உயிரை விட்டார். சிவன் ஆளை விட மனசில்லாமல் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். சிவனுக்கு அங்கே கொஞ்ச நாளாகவே சிரிப்புப் பஞ்சம் போலிருக்கிறது.

இனி மறுபடி கிரிக்கெட், வேகமாக. சுழல் பந்து வீச்சாளர் பிஷன் சிங் பேடி, இறந்தது 2023 அக்டோபர், 67 டெஸ்டில் 266 விக்கெட், தினம் ஒரு நிறத்தில் தலைக்கட்டு. தன் பந்தில் சிக்ஸர் அடித்தவனுக்குத் தானே கைதட்டுவார், அடுத்த பந்தை அதைவிட மெதுவாகத் தூக்கிப் போட்டு ஆளைக் காலி பண்ணுவார். விரல்களும் தோளும் வளைந்துகொடுக்க என்ன பயிற்சி என்றால், என் துணியை நானே துவைக்கிறேன் என்பார். இந்திய அணிக்கு மேனேஜராக இருந்தபோது தோற்ற அணியைப் பசிபிக் கடலில் தள்ளிவிடலாம் என்றவர். 1977 ஜனவரியில் சேப்பாக்கத்தில், இங்கிலாந்து பவுலர் ஜான் லீவர் நெற்றியில் வாசலீன் பட்டையை ஒட்டிக்கொண்டு பந்து வீசியதை, பந்தை மினுக்கும் தந்திரம் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார், அந்த வருடமே இங்கிலாந்துக் கவுண்டியில் அவருடைய ஒப்பந்தமும் போயிற்று. வாயை அடக்கத் தெரியாதவர். நம் முரளிதரன் பந்தை எறிகிறார் என்றும் கடைசிவரை சொல்லிக்கொண்டேதான் இருந்தார். அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்காமலே அவரைப் பிடிக்கும்.

2022 மார்ச் 4 அன்று காலையில் ஆஸ்திரேலியாவின் பழைய விக்கெட் கீப்பர் ராட் மார்ஷ் இறந்தார். அதே நாட்டுச் சுழல் மன்னன் ஷேன் வார்ன் அதற்கு இரங்கல் எழுதினார். சில மணி நேரத்தில் தாய்லாந்தில் வார்னும் இல்லை, 52 வயது. மார்ஷ் விக்கெட் கீப்பராக விழவைத்தது 355 பேர், அவர் நண்பர், பவுலர் லில்லியின் டெஸ்ட் விக்கெட்டும் 355. இந்த இரண்டு பேரும் 1981 ஹெடிங்லி டெஸ்டில் இங்கிலாந்து ஜெயிக்க ஒன்றுக்கு ஐநூறு என்று பந்தயப் பலகையில் பார்த்ததும், டீம் பஸ் டிரைவரிடம் சில்லறையைக் கொடுத்து இங்கிலாந்து மேலேயே பணம் கட்டச் சொன்னார்கள். போத்தம் வெளுத்து வாங்கி இங்கிலாந்து ஜெயித்தேவிட்டது. தோல்விக்குத் தோல்வி, பணத்துக்குப் பணம். இன்றைக்குச் செய்தால் ஆயுள் தடை.

வார்னைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1998இல் இந்தியாவுக்கு வந்து நம் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், டின்னில் அடைத்த அவித்த பீன்ஸை ஊரிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்தவர். சாம்பார் சாதம் கிடைக்கிற சேப்பாக்கத்தில் நின்றுகொண்டு டின் பீன்ஸ்! முதல் இன்னிங்ஸில் சச்சினை 4 ரன்னில் தூக்கினார். ஆனால் சச்சின் அந்தத் தொடருக்கு முன்பே சென்னையில் நம் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனைப் பந்து வீசச் சொல்லி, காலடித் தடத்தில் பட்டுத் திரும்பும் பந்துகளை அடித்துப் பழகியிருந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் 155, ஆட்டமிழக்கவில்லை. அதற்கப்புறம் சச்சின் கனவில் வந்து அடிக்கிறார் என்று வார்னே சொல்லித் திரிந்தார். பத்து வருடம் கழித்து முதல் ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் ராஜஸ்தான் கேப்டனாகக் கடைசிப் பந்தில் சென்னையைத் தோற்கடித்து அந்தக் கணக்கை நம்மிடம் தீர்த்துக்கொண்டார் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அந்த ராஜஸ்தான் அணியில் இருந்த ஒரு பையன் தினமும் லேட்டாக வருகிறான் என்று பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி, இறங்கி ஹோட்டலுக்கு நடந்து வா என்றாராம். அந்தப் பையன் ஜடேஜா. ஒழுங்குக்கு வார்ன் வாத்தியார் என்பதே தனி காமெடி.

இன்னொரு ஆஸ்திரேலியர் ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் இறந்தது அதே 2022 மே மாதம். டீம் மீட்டிங்குக்கு வராமல் மீன் பிடிக்கப் போனவர். அவருடைய நினைவுக் கூட்டத்தில் பேட்டோடு தூண்டிலையும் நண்டு பிடிக்கிற கூடையையும் வைத்திருந்தார்கள். உங்கள் மேடை அலங்காரத்துக்கு இது நல்ல யோசனை, ஒவ்வொருவருக்கும் போட்டோவுக்குப் பதில் ஒரு சாமான். விவேக்குக்குச் செடி, மணி ஐயருக்குக் கரண்டி, ஃபோர்மனுக்கு அடுப்பு, பேர்டுக்கு வெள்ளைத் தொப்பி. விஜயகாந்துக்கு வாழை இலை.

கூட்டத்தை நடத்துவது பற்றி இரண்டு விஷயம் மட்டும். வாட்ஸ்அப்பில் வரும் 'அவர் கடைசியாகச் சொன்னது' வகையறாக்களை யாரும் வாசிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதில் பாதியை அவர்கள் சொன்னதே கிடையாது, மீதியை யாருமே சொல்லமாட்டார்கள். அப்புறம், ஒரு நிமிட மௌனத்தை ஆரம்பத்திலேயே வைத்து முடித்துவிடுங்கள். கடைசியில் வைத்தால், மதன் பாபின் சிரிப்பை யாராவது அப்போதுதான் செய்து காட்டியிருப்பார்கள், எழுந்து நிற்கிற கூட்டத்தில் ஒருத்தருக்குக் குலுங்க ஆரம்பித்தால் பக்கத்து வரிசைக்கும் பரவி, முகம் சுளித்த அந்தப் பெரியவர்கள் வரைக்கும் போய்விடும்.